உச்சி வெயிலில் பீம் பிடிப்பது: எட்டடி டிஷ்ஷுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஹைட்ரஜன் கோடு, அதாவது பால்வெளியின் ஹைட்ரஜன் வாயு 1420 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் ரேடியோ அலை, சரியாக விழவில்லை என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சூரியனை டிஷ்ஷுக்கு மேலே ஓடவிட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலும் இல்லை என்பார்கள். டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது, ஓரக்கண்ணால் எதையெல்லாம் பார்க்கிறது என்று, அதாவது அதன் பீம் எப்படி என்று, தெரியாமல் வானத்தை வரைய உட்கார்ந்தால், கடைசியில் டிஷ்ஷின் கோணல்தான் படமாக வரும்.

கீழே சொல்வதெல்லாம் பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளைக்கு முன்னால், களத்தில் நிற்கும் அமைப்பை வைத்து. கேபிள்காரர் ஒருவர் கழற்றிப் போட்ட எட்டடி வலை டிஷ், அதாவது 2.4 மீட்டர். ஆழம் 40 சென்டிமீட்டர். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் 90 செ.மீ. என்று வரும். அந்த இடத்தில் 15 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பா, வாய் கீழே பார்த்தபடி. அதுதான் ஃபீட், டிஷ் குவிக்கும் அலையை வாங்குவது. டப்பாவுக்குள் 5 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான செம்புக் கம்பி, மூடிய பக்கத்திலிருந்து 9 செ.மீ. சொச்சம் தள்ளி. டப்பாவை ஒட்டியே 1420 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி சேர்ந்த எல்என்ஏ, அதாவது இரைச்சல் குறைந்த பெருக்கி. பிறகு 20 மீட்டர் கேபிள், சாளைக்குள் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் ரேடியோ ஏற்பி), ஒரு பழைய லேப்டாப். டிஷ் உச்சி வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. திருப்புவதே இல்லை. திருப்பும் வேலையைப் பூமி பார்த்துக்கொள்கிறது.

உச்சியைப் பார்த்து வைத்ததற்குக் காரணம் நம் ஊர் இருக்கும் இடம். கோவை, பல்லடம், திருப்பூர் எல்லாம் 11 டிகிரி வடக்கை ஒட்டிக் கிடக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும், சூரியன் இங்கே சரியாகத் தலைக்கு மேல் போகும். பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று கம்பு நட்டுக் காட்டுகிறார்களே, அதே நாள்தான். அதற்கு முன்னும் பின்னும் சூரியன் நாளுக்கு ஏறத்தாழ 0.35 டிகிரி நகர்கிறது. ஏப்ரலில் வடக்கே, ஆகஸ்டில் தெற்கே. ஏப்ரல் 3 முதல் மே 8 வரை டிஷ்ஷைத் தொடாமல் விட்டுவிட்டால், தினம் ஒரு கீற்று என்று முப்பத்தாறு கீற்றுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் பீமைக் கிழக்கு மேற்காக அறுத்த துண்டு. அவற்றைத் தேதிப்படி அடுக்கினால் தெற்கு வடக்காக 12 டிகிரிக்குப் பீமின் உருவம் வந்துவிடும். ட்ரோன் வேண்டாம், மோட்டார் வேண்டாம். கனடாவில் இருக்கும் சைம் தொலைநோக்கியும் நம்முடையதைப் போலத் திரும்பாத ஜாதிதான். அவர்களும் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கும் வடக்கும் போய் வருவதை வைத்தே பீமை அளந்திருக்கிறார்கள்.

முதல் வருடம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, சட்டிய இப்பிடி மல்லாத்தி வெச்சிருக்கறீங்களே, மழைத்தண்ணி புடிக்கறதுக்குங்களா?” என்றார். “வெயிலப் புடிக்கறதுக்குங்க பெரியப்பா” என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சரி, அறிகுறிக்குப் போவதற்கு முன்னால் எதிர்பார்க்க வேண்டிய எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பீமின் அரைத்திறன் அகலம் (இரு பக்கமும் திறன் உச்சத்தில் பாதியாகும் இடங்களுக்கு நடுவே உள்ள கோணம்), 70ஐ அலைநீளத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால், 21.1 செ.மீ. அலைக்கு நம் டிஷ்ஷில் 6.15 டிகிரி. வானம் மணிக்கு 15 டிகிரி ஓடுவதால் சூரியன் அதைக் கடக்க 25 நிமிடம். சூரியனின் அகலம் அரை டிகிரிதான், ஆகவே இந்தப் பீமுக்கு அது புள்ளி மாதிரி. இரைச்சலைக் கெல்வினில் சொல்வோம், அவ்வளவு சூடான பொருள் தரும் ரேடியோ இரைச்சல் என்ற கணக்கில். அமைப்பின் சொந்த இரைச்சல் 125 கெல்வின் போல இருந்தால் நல்ல அமைப்பு. அமைதியான சூரியன் அதன் மேல் 600 கெல்வின் அளவுக்குச் சேர்க்கும், ஏழெட்டு டெசிபல் ஏற்றம். பால்வெளித் தளத்து ஹைட்ரஜன் தருவது சில பத்துக் கெல்வின்.

சூரியன் உச்சிக்கு வந்தும் திரையில் திறன் கோடு அசையவில்லை

டப்பாவின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். உடம்பு 310 கெல்வின் சூடு. கோடு துள்ள வேண்டும். துள்ளவில்லையென்றால் எல்என்ஏக்கு மின்சாரம் போகவில்லை. அது கேபிள் வழியே போவது, டாங்கிளில் பயாஸ் டீயை, அதாவது கேபிளில் மின்சாரம் ஏற்றும் சுற்றை, மென்பொருளில் இயக்கினால்தான் போகும். இயக்கியும் இல்லையென்றால் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னலில் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

உச்சம் வருகிறது, நேரம் தப்பி வருகிறது

இதில் ஏமாந்தவன் நான். கடிகாரத்தில் 12 அடித்தால் சூரியன் உச்சியில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவில் உச்சம் 12:20க்கு வந்தது. இருபது நிமிடம் என்றால் 5 டிகிரி. டிஷ் மேற்கே சாய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டி, மேற்குக் காலுக்குக் கீழே செங்கல் வைத்து, உச்சத்தைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து, அன்று பெருமையாகத் தூங்கினேன். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு ரேகைக்கு. பல்லடம் இருப்பது 77.3ல். டிகிரிக்கு 4 நிமிடமாக ஏறத்தாழ 21 நிமிடம் நாம் பின்தங்கியவர்கள். பூமியின் சுற்றுப்பாதையால் வரும் சிறு வித்தியாசத்தையும் சேர்த்தால் இங்கே உச்சிப் பொழுது ஏப்ரல் 18ல் 12:20, ஆகஸ்ட் 24ல் 12:23. டிஷ் முதலில் சரியாகத்தான் இருந்தது. பால்வெளி இருபது நிமிடம் முன்னாலேயே வந்து நின்றபோதுதான் செங்கல் ஞாபகம் வந்தது.

கடிகாரக் கணக்கு போன பிறகும் மிச்சம் இருந்தால் அது பெரும்பாலும் டிஷ்ஷின் சாய்வு அல்ல, டப்பாவின் விலகல். டப்பா குவியத்திலிருந்து 5 செ.மீ. கிழக்கே தள்ளியிருந்தால் பீம் எதிர்ப்பக்கம், மேற்கே, இரண்டரை டிகிரி போல ஓடிவிடும். உச்சம் பத்து நிமிடம் தாமதம். கொத்தனாரின் தூக்குக் குண்டை டப்பாவின் நடுவிலிருந்து தொங்கவிட்டு டிஷ்ஷின் நடு ஆணியில் விழுகிறதா என்று பாருங்கள். டிஷ் மட்டமாக இருக்கிறதென்று ரசமட்டத்தால் பார்த்த பிறகு.

கிழக்கு மேற்குப் பிழை நிமிடத்தில் தெரியும். வடக்கு தெற்குப் பிழை தேதியில் தெரியும். ஏப்ரல் 18க்குப் பதில் 15ஆம் தேதி கீற்று எல்லாவற்றையும் விட உயரமாக இருந்தால் பீம் ஒரு டிகிரி தெற்கே பார்க்கிறது என்று அர்த்தம். அவசரப்பட்டு நகர்த்த வேண்டாம். எவ்வளவு விலகல் என்று தெரிந்தாலே போதும், வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

உச்சி வெட்டினாற்போல் தட்டை

டாங்கிள் 8 பிட். வெறும் வானத்துக்குப் பெருக்கத்தைக் கூட்டி வைத்தால் சூரியன் வரும்போது நிரம்பி வழியும். தானியங்கிப் பெருக்கம் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். அது சூரியனையும் வானத்தையும் ஒரே உயரத்துக்குத் தட்டிவிடும். அதை நிறுத்துங்கள். பிறகு எல்என்ஏக்கும் டாங்கிளுக்கும் நடுவே 3 டெசிபல் தணிப்பான் ஒன்றைச் செருகுங்கள். வானமும் சூரியனும் ஒரே 3 டெசிபல் இறங்க வேண்டும். சூரியன் குறைவாக இறங்கினால் இன்னும் வழிகிறது.

மேடு அகலமாக இருக்கிறது, அல்லது ஒரு தோள் தூக்கியிருக்கிறது

நேரம் இங்கேதான் போகும், போகட்டும். முதலில் வரைபடத்தை டெசிபலில் போடுங்கள். சாதாரண அளவில் எல்லாப் பீமும் அழகான மணல் குவியல் போலவே தெரியும்; குறையெல்லாம் உச்சத்திலிருந்து 15, 20 டெசிபல் கீழே ஒளிந்திருக்கும்.

இரண்டு பக்கமும் சமமாக அகன்று, 25 நிமிடத்துக்குப் பதில் 32, 35 என்று வந்தால் சந்தேகம் இரண்டு. டப்பா உயரம் தப்பியிருக்கலாம். குவியம் விழ வேண்டியது டப்பாவின் வாய்க்குச் சற்று உள்ளே, வாயின் விளிம்பில் அல்ல. அல்லது டப்பா டிஷ்ஷின் நடுவை மட்டும் பார்த்து விளிம்பை விட்டுவிடலாம். அப்போது எட்டடி டிஷ் ஆறடி டிஷ்ஷாக வேலை செய்யும். பிரித்தறிய வழி: உயரம் தப்பினால் மேட்டுக்கும் பக்க மேடுகளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளங்கள் தூர்ந்துபோகும். விளிம்பு விட்டுப்போனால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், பக்க மேடுகள் மட்டும் தாழும். உயரத்தை நாளுக்கு ஒரு சென்டிமீட்டர்தான் மாற்ற முடியும், ஏனென்றால் சூரியன் நாளுக்கு ஒரு தடவைதான் வருவார். அதனால் இந்தச் சோதனையை மார்ச் கடைசியிலேயே, சூரியன் பீமின் ஓரத்துக்கு வரும்போதே தொடங்கி, ஏப்ரல் 3க்குள் முடித்துவிடுங்கள்.

விளிம்பைத் தாண்டிப் பார்க்கும் டப்பா எதிர்மாதிரி. பீம் ஒல்லியாக அழகாக இருக்கும், இரைச்சல் மட்டும் ஏறியிருக்கும், ஏனென்றால் டிஷ்ஷுக்கு வெளியே தெரிவது சித்திரை வெயிலில் வெந்த மண். இதற்கு ஒரு கழித்தல் கணக்கு போதும். டப்பாவைக் கழற்றித் தரையைப் பார்க்க வைத்து ஓர் அளவு, மறுபடி மாட்டிக் குளிர்ந்த வானத்தில் ஓர் அளவு. இரண்டுக்கும் 5 டெசிபல் வித்தியாசம் என்றால் மொத்த இரைச்சல் 125 கெல்வினை ஒட்டி. மூன்றுதான் வருகிறதென்றால் மண்ணைக் குடித்துக்கொண்டிருக்கிறது. டப்பாவின் வாயைச் சுற்றி ஒரு தகர வளையம் போட்டால் குறையும்.

ஒரு பக்கத் தோள் மட்டும் தூக்கினால் டப்பா பக்கவாட்டில் விலகியிருக்கிறது, அல்லது டிஷ்ஷே முறுக்கியிருக்கிறது. விளிம்புக்கு விளிம்பு இரண்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட வேண்டும். ஒன்றை ஒன்று அழுத்தினாலோ விலகி நின்றாலோ முறுக்கல். பரப்பில் மேடு பள்ளம் அலைநீளத்தின் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.3 செ.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். வலை கிழிந்திருந்தால் 2 செ.மீ.க்குச் சிறிய ஓட்டை உள்ள எந்தக் கம்பி வலையும் ஒட்டுப்போடலாம். பல்லடத்தில் கோழிப்பண்ணை வலைக்கா பஞ்சம்? அரை அங்குல வலை வாங்கி இறுக்கிக் கட்டுங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்த பீம் ஒரே வாரத்தில் சோர்ந்தால் டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். போன வருடம் எனக்குக் குளவி செம்புக் கம்பியை ஒட்டியே மண்கூடு கட்டியிருந்தது. ஈர மண் கம்பியின் பொருத்தத்தையே மாற்றிவிடும். இப்போது வாயை மெல்லிய தெர்மோகோல் தகட்டால் மூடிவிட்டேன். ரேடியோ அலைக்கு அது கண்ணாடி மாதிரி. 1951ல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் இந்தக் கோட்டை முதன்முதலில் பிடித்தபோது, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கொம்புக்குள் மாணவர்கள் பனி உருண்டை எறிந்தார்களாம், மழைத்தண்ணீர் ஆய்வகத்துக்குள்ளேயே வந்ததாம். குளவி பரவாயில்லை.

நேற்றைய கீற்றும் இன்றைய கீற்றும் ஒட்டவில்லை

முப்பத்தாறு கீற்றை அடுக்கும்போது நடுவில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் சூரியன் அன்று மாறியிருக்கிறது. 1415 மெகாஹெர்ட்ஸில் சூரியனின் வலிமையைத் தினமும் அளக்கும் நிலையம் ஆஸ்திரேலியாவின் லியர்மந்த்தில் இருக்கிறது. அந்த எண்ணால் ஒவ்வொரு நாள் கீற்றையும் வகுங்கள். சில நிமிடத்தில் குதித்து இறங்கும் மேடு சூரிய வெடிப்பு. அந்த நாளையே தூக்கிப் போடுங்கள்.

எல்லாக் கீற்றும் நடுப்பகலில் லேசாகக் குழிந்தால் சூடு. எல்என்ஏ வெயிலில் காய்ந்தால் பெருக்கம் இறங்கும். வெள்ளை பெயிண்ட் அடித்த சிறு பெட்டிக்குள் வைத்து, சூரியன் வருவதற்கு முன்னும் போன பின்னும் டப்பா வாயில் ஒரே பொருளைக் காட்டி அளவு எடுத்துக்கொண்டால் இறக்கத்தைக் கணக்கில் திருத்திவிடலாம். நான் ஈரக் கோணிப்பை காட்டுகிறேன்.

ஆகஸ்ட் கீற்றுகள் மட்டும் நடுங்கினால் காரணம் சொல்ல வேண்டுமா? பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆவணியிலும் முழுசாக ஓய்வதில்லை. அம்மியே பறக்கும் என்கிற ஊரில் வலை டிஷ் எம்மாத்திரம். நாலு பக்கமும் கயிறு கட்டுங்கள். என் கணக்கில் நம்பத்தக்கது சித்திரைப் பீம்தான். ஆகஸ்ட் அதைச் சரிபார்க்க மட்டும்.

ஹைட்ரஜன் மேடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை

உச்சி டிஷ்ஷுக்கு நம் நட்சத்திரக் கணக்கு நல்ல கைகாட்டி. பால்வெளித் தளம் நம் பீமை நாளுக்கு இரண்டு தடவை கடக்கும்: திருவோணம் உச்சிக்கு வருவதற்கு அரை மணிக்குச் சற்று மேல் முன்னால், திருவாதிரை உச்சிக்கு வந்து அரை மணி போல் கழித்து. வாயுவின் வேகம் கோட்டின் அதிர்வெண்ணை நகர்த்துவதால் இடத்தையும் அகலத்தையும் வேகமாகவே சொல்வோம். முதல் கடப்பில் ஹைட்ரஜன் பல மேடுகளாக, நொடிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் விரிந்து தெரியும். திருவாதிரைப் பக்கம் அண்டத்தின் வெளி ஓரம். மேடு ஒடுங்கி ஒன்றாக நிற்கும். இரண்டு கடப்பும் ஒரே மாதிரி வந்தால் நீங்கள் பார்ப்பது ஹைட்ரஜனே அல்ல.

இடம் மட்டும் தள்ளியிருந்தால், நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது 4.74 கிலோஹெர்ட்ஸ். மலிவு டாங்கிளின் படிகம், அதிர்வெண்ணுக்கு அளவுகோல் அதுதான், பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு தப்பினாலே 15 கிலோமீட்டர் போச்சு. வெப்பநிலை திருத்திய படிகம் உள்ளதை வாங்குங்கள். அதற்குப் பிறகும் மேடு மாதத்துக்கு மாதம் நகர்ந்தால் அது பூமி சூரியனைச் சுற்றுவது. இந்தத் திசைகளில் முன்னும் பின்னும் 25 முதல் 30 கிலோமீட்டர் வரை ஆடும். பிழை இல்லை, திருத்தம்தான்.

அடித்தளம் அலை அலையாக

கேபிளின் இரு முனையிலும் பொருத்தம் சரியில்லாமல் அலை போய்ப் போய்த் திரும்புகிறது. 20 மீட்டர் கேபிளில் இந்த அலையின் நீளம் 6 மெகாஹெர்ட்ஸ் போல. டாங்கிள் ஒரு நேரத்தில் காட்டுவது 2.4 என்பதால் முழு அலை தெரியாது, ஒரு சரிவோ வளைவோதான் தெரியும். அதே 3 டெசிபல் தணிப்பான் இதையும் அடக்கும். சைமில் இதன் அண்ணன் இருக்கிறான்: 5 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபீடுக்கும் கீழே உள்ள பரப்புக்கும் இடையே அலை மோதித் திரும்பி 30 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையைப் பீமிலேயே போடுகிறது.

ஊசி போல ஒரு கோடு

ஹைட்ரஜன் நாளுக்கு 4 நிமிடம் முன்னால் வரும். சார்ஜரும் கேமராவும் எல்இடி விளக்கும் கடிகாரப்படி வரும். ஒரு வாரப் பதிவை அடுக்கினால் யார் யாரென்று தெரிந்துவிடும். கேத்தனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு: காற்றாலை இறக்கை டவர் சிக்னலைத் திருப்பி அடிப்பதால் இடைஞ்சல் சீராகத் துடிக்கும். எல்என்ஏக்கு முன்னாலேயே வடிகட்டி போடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஹைட்ரஜன் இருக்கக் கூடாத இடத்தில் ஹைட்ரஜன்

வரைபடம் முடிந்த பிறகு தெரியும் வியாதி இது. பால்வெளித் தளத்தை விட்டு வெகுதூரம் தள்ளியும் மெல்லிய மேடு. பக்கப் பீம் அங்கேயிருந்து தளத்தை எட்டிப் பார்க்கிறது. பகலில் சூரியன் இதே வேலையைச் செய்வார்: உச்சத்தைவிட 20 டெசிபல் தாழ்ந்த பக்கப் பீமில் அவர் பட்டால்கூட 6 கெல்வின் ஏறும். முப்பத்தாறு கீற்றுகளில் கட்டிய பீம் இங்கேதான் வேலைக்கு ஆகும். எந்தத் திசையில் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அதில் இருப்பதால், தளத்தின் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கலாம்.

நமக்கு இது சில கெல்வின் சங்கடம். தொலைவிலுள்ள அண்டங்களின் ஹைட்ரஜனைத் தேடுகிறவர்களுக்கு வாழ்வா சாவா. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் ஊட்டி முத்தொரையில், 1970ல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டிய ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம் அட்சரேகைக்கு ஏற்றபடி 11 டிகிரி சரிந்த மலைச் சரிவைத் தேடிப்பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடத்தியிருக்கிறார்கள். அது கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸில் வந்து சேரக்கூடிய ஹைட்ரஜன், ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் 1420ல் புறப்பட்டு வழியில் நீண்டுபோனது. அதற்கு முன்னால் நம் பால்வெளியின் பளபளப்பு பத்தாயிரம் மடங்குக்கும் மேல் பிரகாசம். அந்தப் பளபளப்பு அதிர்வெண்ணோடு வழுவழுவென்று மாறுவதால் கழித்துவிடலாம் என்பதுதான் நம்பிக்கை. ஆனால் பீமின் அகலமும் அதிர்வெண்ணோடு மாறுகிறது. வழுவழுப்பானது பீம் வழியே வரும்போது சொரசொரப்பாகி, ஹைட்ரஜன் வேஷம் போட்டுக்கொள்கிறது. சைம் போன்ற ஒன்றுக்குப் பீம் அகலம் ஆயிரத்தில் ஒரு பங்கு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் 2.4 மெகாஹெர்ட்ஸுக்குள் பீம் மாறுவது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை என்பதால் அந்தத் தலைவலி மட்டும் நமக்கு இல்லை.

பீம் கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து வையுங்கள். டப்பாவை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலும், வலைக்கு ஒட்டுப் போட்டாலும், குளவியை விரட்டினாலும் அந்தக் கோப்பு செல்லாது. மே 8க்குப் பிறகு அப்படி ஏதாவது நடந்தால் அடுத்த வாய்ப்பு ஆகஸ்ட் 5 வாக்கில் தொடங்கும், காற்றோடு.